நிழல் வேறு, இருட்டு வேறு

வாங்கி வந்த அன்று தொட்டி நிறைய ஊதாப் பூ. மூன்று மாதம் கழித்து வெறும் இலை. ஆப்பிரிக்க வயலட் வளர்க்கிற பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. "நிழல்ல வைங்க" என்றுதானே கடைக்காரர் சொன்னார்? தேநீரை ஊற்றிக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அதன் பிறந்த ஊருக்குப் போவோம். தான்சானியாவின் உசம்பாரா மலைக்காடுகளில், பாசி படர்ந்த பாறை இடுக்குகளில் வளர்கிற செடி இது. 1892இல் அங்கிருந்த ஜெர்மானிய அதிகாரி வால்டர் வான் செயின்ட் பால் தன் தந்தைக்கு அனுப்பிய விதைகள் வழியாகத்தான் ஐரோப்பாவுக்குப் போனது. மரநிழல்தான் அதற்குப் பழக்கம். ஆனால் அது திறந்த வானத்தின் கீழே விழும் நிழல்.

நாம் எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெளிச்சம் குறைந்தால் நம் கண் அதற்கேற்பப் பழகி ஈடுகட்டிவிடும். அதனால் கூடம் நமக்கு வெளிச்சமாகவே தெரிகிறது. துணியை மீட்டரில் அளப்பதுபோல வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். ஜன்னலை விட்டுத் தள்ளியிருக்கும் கூடத்து மேசையில் சில நூறு கிடைத்தாலே அதிகம். இந்தச் செடி பூக்கச் சில ஆயிரம் வேண்டும்.

அப்படியானால் இலை மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது? இலை ஒரு சமையலறை, வெளிச்சம் அதன் அடுப்பு. சிறு தீயில் வீட்டுக்கு மட்டும் சோறு வேகும். விருந்து சமைக்க முடியாது. பூ, செடி வைக்கிற விருந்து. இலைக்காம்புகள் நீண்டு மேல்நோக்கி எட்டிப் பார்த்தால், தீ போதவில்லை என்று பொருள்.

எங்கே வைக்கலாம்? கிழக்கு ஜன்னலோரம், மெல்லிய திரைக்குப் பின்னால். பகலில் இலைக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பாருங்கள். ஓரம் மங்கலாக ஒரு நிழல் விழுந்தால் இடம் சரி. நிழலே விழவில்லை என்றால் அது செடிக்கு இருட்டு. விரல் விரலாக அழுத்தமாக விழுந்தால் இலை வெந்துவிடும். ஜன்னல் வாய்க்காத வீட்டில், ஒரு எல்இடி டியூப்லைட்டைச் செடிக்கு ஓர் அடி உயரத்தில் பொருத்தித் தினம் 12 மணி நேரம் எரியவிடலாம். இரவில் அணைத்துவிட வேண்டும். செடிக்கு இருளும் தேவை.

இனி தண்ணீர். இலையைத் தடவினால் பூனைக்குட்டியின் காது மாதிரி இருக்கும். அந்த ரோமத்தில் குளிர்ந்த நீர் பட்டால் வெளிறிய தழும்பு விழும், பிறகு மாறாது. மேல்மண் காய்ந்ததும், அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரை அடித்தட்டில் ஊற்றுவோம். அரை மணியில் மண் வேண்டியதைக் குடித்துவிடும். மிச்சத்தைக் கொட்டிவிடலாம், நின்றால் வேர் அழுகும்.

இடம் மாற்றியதும் பூத்துவிடாது. சில வாரம் பொறுப்போம். ஒரு காலையில் இலைக்கக்கத்தை விலக்கிப் பார்த்தால், கடுகளவு மொட்டுகள் தலை கவிழ்ந்து நிற்கும்.