பொன்முகலிக் கரையில் ஒரு மிதிவண்டிப் பயணம்

நுழையும்முன்

திருப்பதிக்கு நாள்தோறும் பல்லாயிரம் பேர் வருகின்றனர். மலையேறி வழிபட்டு, அன்றோ மறுநாளோ ஊர் திரும்புகின்றனர். மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர்களையும், அங்கே காலத்தை வென்று நிற்கும் கோட்டை, கோயில், கல்வெட்டு ஆகியவற்றையும் காண்போர் சிலரே. அவற்றைக் காண்பதற்கு மிகவும் ஏற்ற ஊர்தி மிதிவண்டி. மலைமிதிவண்டியின் அமைப்பையும், அதில் சென்று காணத்தக்க வரலாற்று இடங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

மலைமிதிவண்டி தோன்றிய வரலாறு

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாரின் என்னும் பகுதி இளைஞர்கள் பழைய மிதிவண்டிகளை மாற்றியமைத்து மலைச்சரிவுகளில் ஓட்டினர். கரடுமுரடான பாதையை அவ்வண்டிகள் தாங்கவில்லை. இறக்கத்தில் தடைக்கருவி சூடேறி, அதனுள் இருந்த மசகு உருகி ஆவியானது. ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் மசகை மீண்டும் நிரப்ப வேண்டியிருந்தது. இக்குறைகளை நீக்கும் முயற்சியிலிருந்து புதிய வண்டி பிறந்தது. 1977ஆம் ஆண்டில் ஜோ பிரீஸ் என்பவர் மலைப்பாதைக்கென்றே உறுதியான சட்டத்தை வடிவமைத்தார். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டிப் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது.

வண்டியின் அமைப்பு

மலைமிதிவண்டியின் டயர் ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதன் மேற்பரப்பில் பிடிப்புக்காகப் புடைப்புகள் அமைந்திருக்கும். காற்றழுத்தம் குறைவாக வைக்கப்படுவதால், டயர் தரையில் சற்றே பரந்து பதியும். அதனால் மணலிலும் சரளையிலும் வண்டி எளிதில் வழுக்குவதில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் உள்ள அதிர்வுதாங்கி, பள்ளத்தில் ஏற்படும் அதிர்ச்சியைக் குறைத்துக் கைகளுக்குக் களைப்பு நேராமல் காக்கிறது.

ஏற்றத்தில் உதவுவது பற்சக்கர அமைப்பு. முன்பற்சக்கரத்தில் 32 பற்களும் பின்பற்சக்கரத்தில் 16 பற்களும் இருந்தால், மிதிகட்டையை ஒருமுறை சுழற்றும்போது பின்சக்கரம் இருமுறை சுழலும். சங்கிலியை 32 பற்கள் கொண்ட பின்பற்சக்கரத்திற்கு மாற்றினால் ஒருமுறையே சுழலும். வேகம் பாதியாகக் குறையும். மிதிப்பதற்கு வேண்டிய விசையும் பாதியாகும். இதனால் உடல்வலிமை மிகுதியாக இல்லாதவரும் மேட்டில் இறங்காமல் செல்ல இயலும்.

பெயரில் மலை இருப்பினும், ஏரிக்கரையும் மண்சாலையும் இவ்வண்டிக்கு மிகவும் பொருந்தும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் ஊரகப் பகுதிகள் அத்தகையவை. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் வரை இன்றைய திருப்பதி மாவட்டத்தின் ஒரு பகுதி சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. பாறைக் குன்றுகள், ஏரிகள், மாந்தோப்புகள், நிலக்கடலை வயல்கள், கரும்புத் தோட்டங்கள் ஆகியவை இப்பகுதியெங்கும் மாறிமாறித் தோன்றும். கடுமையான ஏற்றம் குறைவாதலால், புதிதாகப் பழகுவோரும் இங்கே அச்சமின்றிச் செல்லலாம்.

ஆறே வழிகாட்டி

சந்திரகிரி அருகேயுள்ள மலைகளில் தோன்றி, கிழக்கு நோக்கி ஓடி, வங்கக்கடலில் கலக்கும் ஆறு சுவர்ணமுகி. தேவாரம் இதனைப் பொன்முகலி என்று போற்றுகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காட்சி தரும் இவ்வாறு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெருக்கெடுக்கும். இதன் போக்கைத் தழுவிய ஊரகச் சாலைகளில் சந்திரகிரியிலிருந்து குடிமல்லம் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் செல்லலாம். நீர் கிழக்கே கீழ்நோக்கிச் செல்லச்செல்ல, பயணியோ காலத்தில் பின்னோக்கிச் செல்கிறார். விசயநகரக் காலத்தில் தொடங்கும் பாதை, சோழர் காலத்தைக் கடந்து, கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்தில் முடிகிறது.

சந்திரகிரிக் கோட்டை

1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் விசயநகரப் பேரரசு தோல்வியுற்றது. அதன் தலைநகர் பெனுகொண்டாவிற்கும், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சந்திரகிரிக்கும் மாறியது. கோட்டையினுள் இராசமகால், இராணிமகால் என்னும் இரு மாளிகைகள் உள்ளன. மூன்று தளங்களைக் கொண்ட இராசமகால், மரம் சிறிதும் பயன்படுத்தாமல் கல், செங்கல், சுண்ணாம்புக்காரை ஆகியவற்றால் கட்டப்பட்டது. அதன் வளைவுகள் இசுலாமியக் கட்டடக்கலையையும், உச்சியிலுள்ள சிறு கோபுரங்கள் கோயில் கலையையும் நினைவூட்டுகின்றன. இன்று அம்மாளிகையில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது.

சென்னை நகரின் தோற்றத்திலும் இவ்வூருக்குப் பங்குண்டு. 1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் சென்னைக் கடற்கரையில் ஆங்கிலேயர் கோட்டை கட்டிக்கொள்ள இசைவளித்தவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். அவர் சந்திரகிரி அரசருக்கு உட்பட்ட ஆட்சியாளர். அந்த நாளே இன்று சென்னை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சீனிவாசமங்காபுரம்

சந்திரகிரியிலிருந்து சிறிது தொலைவில் சீனிவாசமங்காபுரம் அமைந்துள்ளது. இங்குள்ள கல்யாண வேங்கடேசுவரர் கோயில் 16ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது. அப்பணியைச் செய்தவர், அன்னமாச்சாரியாரின் பேரரான சின்னத் திருமலாச்சாரியார். இவ்வூரின் அருகிலிருந்தே ஸ்ரீவாரி மெட்டு என்னும் படிவழி திருமலைக்கு ஏறுகிறது. மிதிவண்டிக்கு அவ்வழியில் இடமில்லை. அது நடந்து செல்வோருக்கு உரியது. அடிவாரத்தில் நின்று நோக்கினால், செம்மரங்கள் நிறைந்த சேசாசல மலைத்தொடர் நெடுஞ்சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். 2010ஆம் ஆண்டில் அம்மலைக்காடு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

தமிழ் பேசும் கற்கள்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடமலையைக் குறிப்பிடுகிறது. அந்த எல்லையில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக அண்டை வீட்டாராய் வாழ்ந்து வருகின்றன. இதற்குக் கற்களே சான்று. திருச்சானூரை அடுத்துள்ள யோகிமல்லவரத்துச் சிவன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இன்று தெலுங்கு ஒலிக்கும் தெருவில், சுவரெங்கும் தமிழ் எழுத்துகள் நிறைந்திருப்பது காண்போரை வியப்பில் ஆழ்த்தும்.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை கொடைகளைப் பற்றியவை. கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிக்க 90 அல்லது 96 ஆடுகளை வழங்குவது அக்காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் விளக்கிற்கு நெய் அளந்தனர். இவ்வாறு ஒரு விளக்கின் ஒளிக்குப் பின்னால் அக்காலப் பொருளாதாரமே அடங்கியிருந்ததை அறிகிறோம்.

அக்கல்வெட்டுகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில், நெடில் வேறுபாடும் காட்டப்பட்டிராது. சில எழுத்துகளின் வடிவமும் இன்றைய வடிவினின்று வேறுபடும். எனினும், தமிழ் கற்கும் மாணவர் சிறிது பயிற்சி பெற்றால் சில சொற்களையேனும் அடையாளம் காண இயலும். வேகமாகச் செல்லும் ஊர்தியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் கற்சுவர். வண்டியை நிறுத்தி, அருகில் சென்று, எழுத்தைக் கூட்டிப் பார்ப்பவருக்கோ அது ஆவணம்.

குடிமல்லம்

இரேணிகுண்டாவைக் கடந்து, வயல்களின் நடுவே சென்றால் குடிமல்லம் என்னும் சிற்றூர் வரும். இங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் இலிங்கம் ஏறத்தாழ ஐந்து அடி உயரமுடையது. அதன் முன்பக்கத்தில், குள்ள உருவம் ஒன்றின் தோள்மீது நிற்கும் சிவபெருமானின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. இது கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்றும் வழிபாட்டில் உள்ள மிகப் பழைமையான இலிங்கங்களுள் இதுவும் ஒன்று.

கோயிலின் கருவறை, யானையின் பின்புறத்தைப் போன்று வளைந்த வடிவுடையது. இவ்வடிவத்தைத் தூங்கானைமாடம் என்பர். விக்கிரம சோழன் காலத்தில் இக்கோயில் கற்றளியாகப் புதுப்பிக்கப்பட்டதை இங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. 1970களில் நடந்த அகழாய்வில், இலிங்கத்தைச் சூழ அமைந்திருந்த பழைய கல்வேலி வெளிப்பட்டது. இத்துணைச் சிறப்பு வாய்ந்த இடம், பெருங்கூட்டமின்றி அமைதியாக ஒரு சிற்றூரின் நடுவே இருக்கிறது.

பயணத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

கோடையில் இப்பகுதியின் வெப்பம் 40 பாகையைக் கடப்பதுண்டு. எனவே, திசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களில், விடியற்காலையில் புறப்படுதல் நன்று. தலைக்கவசமும் போதிய குடிநீரும் இன்றியமையாதவை. சீமைக்கருவேல முள் டயரைத் துளைக்கும். ஆதலால் ஒட்டுப்போடும் பொருள்களும் காற்றடிக்கும் கருவியும் கையில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்ல வேண்டும். பாதுகாக்கப்பட்ட காட்டினுள் வனத்துறையின் இசைவின்றி நுழைதல் கூடாது.

இவற்றினும் முதன்மையான கடமை ஒன்றுண்டு. கோட்டைச் சுவர்மீதும் கோயில் படிகள்மீதும் வண்டியை ஏற்றுதல் கூடாது. பழைய சுண்ணாம்புக்காரை சக்கரத்தின் உராய்வைத் தாங்காது. கல்லில் பெயரைக் கீறுதலும் பெருங்கேடு. ஆயிரம் ஆண்டுகள் நிலைத்த எழுத்தை ஓர் ஆணி ஒரு நொடியில் அழித்துவிடும். அழிந்த எழுத்தை மீண்டும் எழுத எவராலும் இயலாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திற்குச் சேதம் விளைவிப்போருக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

பெரிய நினைவுச்சின்னங்களுக்குக் காவலர் உண்டு. சிற்றூரின் ஓரத்தில் நிற்கும் கல்வெட்டுக்கு, அதன் மதிப்பை அறிந்த மக்களே காவல். மிதிவண்டியில் மெல்லச் செல்பவர் அதனைக் காண்கிறார். கண்டதை ஊராரிடம் வினவுகிறார். பிறர் வியந்து கேட்கும்போது, தம் ஊரின் கல்லுக்கு வரலாறு உண்டென்பதை ஊராரும் நினைவுகூர்கின்றனர். அந்த நினைவே கல்லுக்கு அரண்.

சொல்லும் பொருளும்

மசகு – உராய்வைக் குறைக்கும் எண்ணெய்ப்பொருள்
கவை – இரண்டாகப் பிரியும் உறுப்பு
நந்தாவிளக்கு – அணையாமல் எரியும் விளக்கு
கற்றளி – கல்லால் கட்டப்பட்ட கோயில்
அரண் – பாதுகாப்பு

சிந்தித்து விடையளிக்க

1. பின்பற்சக்கரத்தின் பற்கள் மிகுந்தால் ஏற்றத்தில் மிதிப்பது எளிதாவது ஏன்?
2. ஆற்றின் போக்கில் செல்லும் பயணி காலத்தில் பின்னோக்கிச் செல்கிறார் என்பதை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
3. சந்திரகிரிக்கும் சென்னைக்கும் உள்ள வரலாற்றுத் தொடர்பு யாது?
4. உம் ஊரிலுள்ள பழைமையான கட்டடம் அல்லது கல்வெட்டு ஒன்றைக் கண்டு, அதன் இன்றைய நிலையைப் பத்து வரிகளில் எழுதுக.