அலை அரித்துச் சேர்த்த கருமணல்

மெர்கோங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புதிதாகக் கல்யாணமானவர். கணவரோடு குவாலா கெடாவில் பெர்ரி ஏறி லங்காவிக்குத் தேனிலவு போயிருக்கிறார். செனாங் பக்கம் சின்ன விடுதி. காலையில் நாசி லெமாக், மாலையில் கடற்கரை, வேறு வேலையே இல்லை. ஒருநாள் தீவின் வடக்கே பந்தாய் பாசிர் ஹீத்தாமுக்குப் போனபோது கேள்வி முளைத்திருக்கிறது: "ஒரே தீவில் அங்கே மணல் வெளுப்பு, இங்கே கறுப்பு. எரிமலைச் சாம்பல் என்றார் ஒருவர். லங்காவிக் கதையில் வரும் மசூரியின் சாபத்தில் எரிந்த அரிசி என்றார் இன்னொருவர். எது உண்மை?"

இரண்டும் இல்லை. லங்காவி எரிமலைத் தீவே அல்ல. சயாமியர் படையெடுத்தபோது நெல்லைக் கொளுத்திய அந்தக் கதை தீவின் இன்னொரு இடமான பாடாங் மாட்சிராட்டுக்கு உரியது. அதோடு கரி லேசானது, அலை முதலில் அதைத்தான் அடித்துக்கொண்டு போயிருக்கும். பாசிர் ஹீத்தாமில் தங்கியிருப்பது கனமான பொருள். அதில்தான் விஷயமே இருக்கிறது.

தீவின் நடுவே 881 மீட்டர் உயரத்தில் நிற்கும் குனோங் ராயா கிரானைட் மலை. உருவாகி 20 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. மழை அதைக் கரைத்து உதிர்க்க, ஓடைகள் கடலுக்குக் கொண்டுவருகின்றன. உதிர்வதில் பெரும்பங்கு வெளிறிய குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். டூர்மலின், இல்மனைட் என்ற கறுப்புக் கனிமங்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை ஒரே இடத்தில் கூட்டியது அலை.

வீட்டில் அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பாத்திரத்தைச் சாய்த்து, தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றி அரிசியை மட்டும் அடுத்த பாத்திரத்துக்குத் தள்ளுவார்கள். கல் அடியிலேயே தங்கிவிடும். (மசூரியின் பெயரில் மலேசியா 1965இல் வெளியிட்ட நெல்லின் வழிவந்ததுதான் தமிழ்நாட்டின் வெள்ளைப் பொன்னி, லங்காவிப் பெண்ணின் பெயர் கொண்ட அரிசியைத் தமிழ்நாட்டுப் பாட்டிகள் அரித்திருக்கிறார்கள் என்று நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது.) கடற்கரைச் சரிவுதான் சாய்த்த பாத்திரம், ஏறி இறங்கும் அலைதான் கை. குவார்ட்ஸ் அரிசி, இல்மனைட் கல். குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு கனம். இல்மனைட் ஏறக்குறைய 4.7 மடங்கு.

கனமானது அடியில் தங்கும் என்று இதோடு முடித்துவிட்டால் அழகான பகுதி தவறிப்போகும். நீரில் மூழ்கும் வேகத்துக்குக் கனம் மட்டும் கணக்கில்லை, பருமனும் உண்டு. பொடி மணலில், குவார்ட்ஸ் மணியின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கே உள்ள இல்மனைட் மணி அதே வேகத்தில் மூழ்கும். ஆகவே அலை மேலேறி ஓயும்போது பெரிய வெள்ளை மணியும் சிறிய கறுப்பு மணியும் ஒன்றாகவே படிகின்றன. பிரிவது நீர் திரும்பி இறங்கும்போது. அந்த நீர் மெல்லிய தகடுபோல் வேகமாக வழியும். ஆனால் தரையை ஒட்டிய அடுக்கில் அதன் வேகம் மிகக் குறைவு. பெரிய வெள்ளை மணி அந்த அடுக்குக்கு மேலே தலை நீட்டுகிறது. நீர் அதைப் பிடித்து உருட்டிவிடுகிறது. சின்னக் கறுப்பு மணி பக்கத்து மணிகளின் இடுக்கில் பதுங்கிக்கொள்கிறது, நீர் அதன் தலைக்கு மேல் போய்விடுகிறது. அரிசிக்கு நடுவில் பொடிக் கல் ஒளிந்துகொண்டு பல்லில் கடிபடுமே, அதே தந்திரம். டூர்மலினின் கனம் 3.1 அளவுதான் என்பதால் அது இல்மனைட் அளவுக்குச் சுத்தமாகப் பிரிவதில்லை.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், 1909இல் ஷோம்பெர்க் என்பவர் மோனசைட் என்ற இன்னொரு கனமான கனிமத்தைக் கண்டார். அதிலிருந்த தோரியம் அன்றைய கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. அங்குள்ள மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது. பேராவில் ஈயமணலை மரத்தட்டில் அரித்த டூலாங் பெண்களும் செய்தது இதே பிரிப்புதான்.

கருமணல் பூசினால் மூட்டுவலி போகும், உடலின் நச்சு இறங்கும் என்று எந்தக் கடற்கரையில் யார் விற்றாலும் காசு கொடுக்காதீர்கள். இல்மனைட் நீரில் கரையாத இரும்பு, டைட்டானியம் ஆக்ஸைடு. தோலுக்குள் போய் அது செய்ய ஒன்றும் இல்லை.

பாசிர் ஹீத்தாம் முழுக்கக் கறுப்பாக இருக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். சாம்பலும் கறுப்பும் கலந்த கோடுகள்தான் அங்கே. அடுத்த முறை நீர் வற்றும் நேரத்தில் போங்கள். அலை ஏறி நிற்கும் எல்லைக்கருகில் கையால் ஒரு சாண் தோண்டி, பக்கச் சுவரைப் பாருங்கள். வெளிறிய மணலுக்கு இடையே கறுப்பு வரி தென்பட்டால், கடல் முரண்டுபிடித்து வெள்ளை மணலை வாரிக்கொண்டு போன நாள்களில் படிந்தது அது. அதன்மேல் உள்ள வெளிறிய பட்டை, பிறகு வந்த அமைதியான நாள்களில் அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டது.