வால்வில்தான் இருக்கிறதா அந்த ஓசை?

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னைக்குப் போய் ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் கிதார் வாசித்தவர். அதே உத்தமபாளையம் வட்டத்தில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் மார்க்கையன்கோட்டையில், ஆர்கெஸ்ட்ராவிலோ தேவாலயப் பாடற்குழுவிலோ எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கும் ஓர் இளைஞருக்கு வரக்கூடிய ஆசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கையில் இருப்பது பழைய டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். கேட்க விரும்புவது வால்வு ஆம்ப்பின் ஓசை. புதிதாக ஒன்று வாங்கக் காசு போதாது. பெட்டி இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது. உள்ளே உள்ளதைக் கழற்றிவிட்டு வால்வைப் பொருத்திவிட்டால் என்ன? உலகம் முழுக்கக் கிதார்காரர்கள் கேட்கும் கேள்விதான் இது. ஆசை நியாயமானது. ஆனால் வேலை தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து. வால்வு ஆம்ப்பின் ஓசை வால்வு என்ற ஒற்றை உறுப்பிலிருந்து வருவதில்லை. சுற்று, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்து தருவது அது. இதைப் புரிந்துகொண்டவருக்கு, செலவும் ஆபத்தும் குறைந்த வழி அந்த டிரான்ஸிஸ்டர் ஆம்ப்புக்குள்ளேயே கிடைக்கும். வால்வேதான் வேண்டும் என்றால், அதற்கு ஏற்ற பெட்டி வேறு.

முதலில், பழைய ஆம்ப்பில் எது மிஞ்சும் என்று பார்ப்போம். வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பி. உள்ளே சூடாக்கப்பட்ட கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, நேர்மின்னழுத்தம் உள்ள தகட்டை நோக்கி ஓடுகின்றன. 1904-இல் ஜான் ஃப்ளெமிங் செய்தது இந்த இரண்டு உறுப்புகளோடு நின்றது. 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு கம்பிவலையைச் செருகினார். வாய்க்கால் மடையின் பலகையைச் சற்றே தூக்கினாலும் இறக்கினாலும் வயலுக்குப் பாயும் தண்ணீர் மாறுவதுபோல, அந்த வலையில் சிறு மின்னழுத்தம் ஏறி இறங்கினாலே தகட்டுக்குப் பாயும் மின்னோட்டம் பெரிதாக மாறும். கிதாரில் பரவலாகப் புழங்கும் இஎல் 84 வால்வுக்குத் தகட்டில் 250 வோல்ட்டும், சூடேற்ற 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியரும் தேவை. நடுத்தர அளவுள்ள டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் தருவதோ முப்பது, நாற்பது வோல்ட். ஆகவே பவர் டிரான்ஸ்ஃபார்மர் உதவாது. சர்க்யூட் போர்டு உதவாது. 50 வோல்ட் தாங்கும் கண்டன்சர்கள் உதவவே உதவாது. மிஞ்சுவது மரப்பெட்டியும் ஸ்பீக்கரும் கைப்பிடியும்தான். இதை மாற்றம் என்று சொல்வது பொருந்தாது. பழைய பெட்டிக்குள் புது ஆம்ப் கட்டுவது இது.

அதிலும் பெரிய செலவு, டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பில் பெரும்பாலும் இல்லாத ஓர் உறுப்பில் இருக்கிறது: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஒற்றை இஎல் 84 தன் முன் எதிர்பார்ப்பது சுமார் 5,200 ஓம் சுமை. ஸ்பீக்கரோ 8 ஓம். இடையில் 650 மடங்கு வித்தியாசம். அதன் வர்க்கமூலம், அதாவது சுமார் இருபத்தைந்தரைக்கு ஒன்று என்ற சுற்று விகிதத்தில் காயில் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர்தான் இரண்டையும் இணைக்க முடியும். கிதாரின் தடித்த கம்பி தரும் 82 ஹெர்ட்ஸ் ஒலி குன்றாமல் வர, முதன்மைச் சுருளின் தூண்டல் திறன் ஒன்பது, பத்து ஹென்றிக்குக் குறையக் கூடாது. சுருள் வழியே 48 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் இடைவிடாமல் ஓடுவதால், இரும்புத் தகடுகளுக்கிடையே அளந்து இடைவெளியும் விட வேண்டும். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகள் இந்தப் பக்கத்து ஊர்களில் உண்டு. அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் காயிலின் கணக்கு வேறு. முதன்மைச் சுருளையும் துணைச் சுருளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றாவிட்டால் மேல் சுரங்கள் மங்கிவிடும். ஓசையைவிட முக்கியமான ஒன்றும் இங்கே இருக்கிறது. முப்பத்தைந்து வோல்ட்டில் தவறு செய்தால் டிரான்ஸிஸ்டர் எரியும். முந்நூறு வோல்ட்டில் தவறு செய்தால் ஆள் போய்விடலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அந்த மின்சாரம் தேங்கி நிற்கும். எர்த் சரியில்லாத வீட்டில், இரும்புக் கம்பி மாட்டிய வாத்தியத்தைக் கையில் பிடித்து வாசிப்பவருக்கு இது சிறிய விஷயம் இல்லை.

இவ்வளவும் செய்து கிடைக்கப்போவது எது? வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்: வால்வு இரட்டைப்படை மேற்சுரங்களை (மூலச் சுரத்தின் அதிர்வெண்ணுக்கு இரட்டைப்படை மடங்கானவற்றை) உண்டாக்கும், அவை காதுக்கு இனிமை, டிரான்ஸிஸ்டர் ஒற்றைப்படை மேற்சுரங்களை உண்டாக்கும், அவை கரகரப்பு. இந்தப் பேச்சுக்கு வேராக அடிக்கடி காட்டப்படுவது 1973-இல் ரஸ்ஸல் ஹாம் ஒலிப் பொறியியல் இதழொன்றில் எழுதிய ஆய்வு. அவர் அளந்தது ஒலிப்பதிவுக் கூடத்து மைக் முன்பெருக்கிகளை. அதுவும் அளவுக்கு மீறிச் சத்தம் ஊட்டப்பட்ட நிலையில். அதை அப்படியே கிதார் ஆம்ப்புக்கு நீட்டிவிட முடியாது. பீட்டில்ஸ் புகழாக்கிய வாக்ஸ் ஏசி 30-ஐப் பாருங்கள். நான்கு இஎல் 84 வால்வுகள் இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக வேலை செய்யும் புஷ்-புல் அமைப்பு அது. அந்த அமைப்பின் இயல்பே, பவர் பகுதியில் எழும் இரட்டைப்படை மேற்சுரங்களை டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளச் செய்வது. வால்வு ஓசைக்கே இலக்கணமாகக் கருதப்படும் ஆம்ப், அந்த இலக்கணத்தின் காரணமாகச் சொல்லப்படுவதைப் பெரிதும் கழித்துவிடுகிறது. காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

தேட வேண்டிய இடம் ஸ்பீக்கரும் ஆம்ப்பும் சந்திக்கும் முனை. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுரங்களுக்கும் 8 ஓம் அல்ல. அதன் கூம்பு இயல்பாக அதிரும் தாழ்ந்த சுரத்தில் தடை பல மடங்கு ஏறும். மேல் சுரங்களிலும் காயிலின் தூண்டலால் மறுபடி ஏறும். டிரான்ஸிஸ்டர் ஆம்ப், வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளீட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும். எதிர்ப் பின்னூட்டம் எனப்படும் இந்த ஏற்பாட்டால் அதன் வெளியீட்டுத் தடை ஓர் ஓமில் சிறு பின்னமாகிவிடுகிறது. ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கத்துக்கு அது அசைந்து கொடுக்காது. பின்னூட்டமே இல்லாத ஒற்றை இஎல் 84-இன் உள்தடை சுமார் 38,000 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் வழியே ஸ்பீக்கர் பக்கம் வரும்போதும் அது 58 ஓம் அளவுக்கு நிற்கும். ஸ்பீக்கர் எங்கெல்லாம் தடையை உயர்த்துகிறதோ அங்கெல்லாம் மின்னழுத்தமும் கூடும். அடிச்சுரம் பருக்கிறது, மேல் சுரம் மினுங்குகிறது, கூம்பு கட்டுப்பாடின்றிக் கொஞ்சம் கூடுதலாக அதிர்கிறது. கிதார்காரர்கள் உயிர் இருக்கிறது என்று சொல்வதில் பெரும் பகுதி இதுதான். ஏசி 30-இலும் அந்தப் பின்னூட்டம் கிடையாது. சத்தம் எல்லை மீறும்போது நடப்பதும் இதோடு சேர்ந்ததே. பின்னூட்டம் கடைசி வரை அலையை நேராகப் பிடித்து வைத்திருந்து, சக்தி தீர்ந்ததும் சட்டென்று விடுவதால் அலையின் தலை வெட்டியதுபோல் ஆகிறது. பின்னூட்டம் குறைந்த சுற்றில் அது மெல்ல மெல்லத் தட்டையாகிறது.

இது வெறும் கணக்கு இல்லை என்பதற்கு இரண்டு சான்றுகள். அமெரிக்கப் பொறியாளர் பாப் கார்வர் 1985-இல் ஸ்டீரியோஃபைல் என்ற ஒலிக்கருவி இதழோடு ஒரு பந்தயம் கட்டினார்: விலை உயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றின் ஓசையைத் தன் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பில் கொண்டுவருவதாக. இரண்டின் வெளியீட்டையும் கழித்துப் பார்த்து, வித்தியாசம் அற்பமாகும் வரை தன் ஆம்ப்பைச் சரிசெய்தார். அந்த இதழின் பழகிய காதுகளால் பிரித்தறிய முடியவில்லை. அது வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆம்ப், கிதாருக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால், க்வீன் ராக் குழுவைக் காட்டலாம். அதன் பேஸ் கிதார் கலைஞர் ஜான் டீக்கன் 1970களின் தொடக்கத்தில், குப்பையில் கிடந்த ரேடியோ சர்க்யூட் ஒன்றை எடுத்து, பேட்டரியில் இயங்கும் சிறு ஆம்ப் செய்தார். அதில் ஒரு வால்வுகூட இல்லை, ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர்கள்தான். ஆனால் ஸ்பீக்கருக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. கிதார் கலைஞர் பிரையன் மே அந்தக் குழுவின் இசைத்தட்டுகளில் அடுக்கிய செறிவான கிதார் ஒலிகள் பல அதன் வழியே வந்தவை. டிரான்ஸிஸ்டர் என்றால் வறட்டு ஓசை என்பதை அந்தச் சிறு பெட்டி ஒன்றே மறுத்துவிடுகிறது.

எனவே என் பரிந்துரை, டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பை அழிக்காமல் அதன் பின்னூட்டத்தை மாற்றுவது. ஸ்பீக்கரின் நெகட்டிவ் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.22 ஓம், 5 வாட் ரெஸிஸ்டர் ஒன்றைப் போட வேண்டும். பின்னூட்ட வலையில் இதுவரை கிரவுண்டுக்குப் போன முனையை, கண்டன்சரோடு சேர்த்து, இந்த ரெஸிஸ்டரின் ஸ்பீக்கர் பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஆம்ப், இனி ஸ்பீக்கர் வழியே ஓடும் மின்னோட்டத்தையும் பார்க்கும். முப்பது மடங்கு பெருக்கும் பவர் பகுதியில் இதனால் வெளியீட்டுத் தடை ஆறேழு ஓம் ஆகிவிடும். பெருக்கம் ஏறத்தாழப் பாதியாகும், அதை முன்பகுதியில் ஈடுகட்டலாம். ஸ்பீக்கரின் இரண்டு முனையுமே கிரவுண்டைத் தொடாத பிரிட்ஜ் வகை ஐசி ஆம்ப்களில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. கிதார் ஆம்ப் கம்பெனிகளே பல டிரான்ஸிஸ்டர் மாடல்களில் கையாளும் முறை இது. இதற்கான பொருள் செலவு ஒரு டீக்காசுக்குள் அடங்கும். கூடவே நல்ல கிதார் ஸ்பீக்கர் ஒன்றையும் மாட்டினால், வால்வுக்குச் செலவழித்திருக்க வேண்டிய பணத்தில் பாதிக்கும் குறைவாக ஆகும். காதுக்குத் தெரியும் மாற்றம் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இதற்குப் பிறகும் எதிர்வாதம் உண்டு, வலுவான எதிர்வாதம். பவர் வால்வே திணறும் அளவுக்குச் சத்தம் வைத்து வாசிக்கும்போது மின்வழங்கல் சற்றே தொய்ந்து, சுரம் அமுங்கி எழும். விரலுக்குத் தெரியும் அந்த நெகிழ்வை ஒரு ரெஸிஸ்டர் முழுதாகத் தந்துவிடாது. அதை ஒப்புக்கொள்கிறேன். வால்வு ஆம்ப்பை எந்தக் காலத்திலும் பழுது பார்க்கலாம் என்பதும் உண்மை. நெருக்கமான சர்க்யூட் போர்டில் அது கடினம். ஆனால் 2 என் 3055 போன்ற இரும்புத் தொப்பி டிரான்ஸிஸ்டர் போட்ட பழைய ஆம்ப்பும் அதே அளவு பழுது பார்க்கக்கூடியதே. அதன் உதிரிபாகம் சென்னை ரிச்சி தெருவில் இன்றும் கிடைக்கும். வால்வின் நிலைமை வேறு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது. ஆனால் இன்று கிதாருக்கான புது வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யாவின் சராத்தவ், ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய இடங்களின் ஆலைகளை நம்பியிருக்கின்றன. 2022-இல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது உலகமெங்கும் கிதார்காரர்கள் தவித்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு வால்வுதான் வேண்டும் என்பவருக்கு, தேடவேண்டியது மைக் செட் கடையின் பரண். குச்சனூர் சனீஸ்வரர் கோயிலின் ஆடிச் சனிக்கிழமைக் கூட்டமோ, கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, எதற்கானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்தில் அதன் பின்னால் இருந்தது வால்வு ஆம்ப்தான். அப்படி ஒன்று கிடந்தால், உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், வால்வு சாக்கெட், இரும்புச் சட்டகம் எல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கும். விலை கூடிய பாகங்கள் எல்லாமே அவைதான். அவுட்புட்டில் குழாய் ஸ்பீக்கர்களுக்கான நூறு வோல்ட் லைன் முனையோடு 4, 8, 16 ஓம் முனைகளும் இருந்தால் கிதார் ஸ்பீக்கரை நேராக மாட்டலாம். மைக்குக்காக அமைந்த முதல் கட்டத்தைக் கிதாருக்கு ஏற்ப ஒரு மெகா ஓம் உள்ளீடாக மாற்ற வேண்டும். வறண்டுபோன கண்டன்சர்களை எல்லாம் புதிதாகப் போட வேண்டும். பிளக்கைப் பிடுங்கியதும் தேங்கிய மின்சாரம் வடிய ரெஸிஸ்டர் வைக்க வேண்டும். மூன்று முனை பிளக்கும் முறையான எர்த்தும் இல்லாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. உயர் மின்னழுத்தத்தில் பழகிய மைக் செட் மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை இது. வால்வு செட்டோடு வாழ்ந்த தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. கேட்பவர் சீக்கிரம் போய்க் கேட்க வேண்டும்.