மலை மிதிவண்டித் தொடர் பந்தயங்கள்: செலவும் கடினமும்

மலை மிதிவண்டித் தொடர் பந்தயம் என்பது கரடுமுரடான மலைப்பாதைகளில் பல நாள்கள் தொடர்ந்து நடத்தப்படும் மிதிவண்டிப் போட்டியாகும். இது 'மவுண்டன் பைக் ஸ்டேஜ் ரேஸ்' என்றும் அழைக்கப்படுகிறது. ஒரு நாள் ஓட்டம் ஒரு 'கட்டம்' எனப்படும். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, மிகக் குறைந்த மொத்த நேரத்தில் முடித்தவர் வெற்றியாளராக அறிவிக்கப்படுகிறார்.

இப்பந்தயங்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்தையும் மொத்தத் தூரத்தையும் மட்டுமே பார்க்கின்றனர். ஆனால் கட்டணம் மொத்தச் செலவின் ஒரு பகுதிதான். அதுபோலவே, தூரத்தை மட்டும் கொண்டு கடினத்தை அறிய முடியாது. எவற்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முக்கியப் பந்தயங்கள்

ஹீரோ எம்டிபி ஹிமாலயா: இமாச்சலப் பிரதேசத்தில் 2005-ஆம் ஆண்டு தொடங்கியது. இந்தியாவில் நடந்த இவ்வகைப் பந்தயங்களுள் நன்கு அறியப்பட்டது. சிம்லா, குலு பகுதிகளின் மலைப்பாதைகளில் நடந்துள்ளது. தடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சுமார் 3,100 மீட்டர் உயரமுள்ள ஜலோரி கணவாய் இதன் பெயர்பெற்ற ஏற்றங்களுள் ஒன்று.

யாக் அட்டாக்: நேபாளத்தில் 2007-இல் தொடங்கியது. அன்னபூர்ணா மலைச்சுற்றில் 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைக் கடந்ததால் உலகப் புகழ் பெற்றது.

கேப் எபிக்: தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாநிலத்தில் 2004 முதல் நடக்கிறது. எட்டு நாள் பந்தயம். இருவர் சேர்ந்த குழுவாகவே கலந்துகொள்ள வேண்டும்.

ரம்பிள் இன் தி ஜங்கிள்: இலங்கையின் மலைநாட்டில் நடத்தப்பட்ட நான்கு நாள் பந்தயம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரீஸ் நினைவுக்கு வரலாம். அது பல நாள் மிதிவண்டிப் பயணம்தான். ஆனால் தார்ச்சாலையில் நடப்பதால் மலை மிதிவண்டிப் பந்தயம் ஆகாது.

கடினத்தை அளத்தல்

முதல் அளவு ஏற்றம். ஒரு பந்தயத்தில் ஏறவேண்டிய மொத்த உயரத்தைத் தூரத்தால் வகுத்தால், கிலோமீட்டருக்குச் சராசரியாக எத்தனை மீட்டர் ஏறவேண்டும் என்பது கிடைக்கும். கேப் எபிக் பந்தயத்தின் இரண்டு ஆண்டுகளைப் பார்ப்போம்.

2018: 658 கி.மீ. தூரம், 13,530 மீட்டர் ஏற்றம். கிலோமீட்டருக்கு சுமார் 20.6 மீட்டர்.

2019: 624 கி.மீ. தூரம், 16,650 மீட்டர் ஏற்றம். கிலோமீட்டருக்கு சுமார் 26.7 மீட்டர்.

இரண்டாம் ஆண்டில் தூரம் 34 கி.மீ. குறைந்தது. ஏற்றமோ 3,120 மீட்டர் கூடியது. தூரத்தை மட்டும் பார்த்தவர் 2019 எளிது என்று எண்ணியிருப்பார்.

நமக்குத் தெரிந்த சாலை ஒன்றோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை வழியாக உதகமண்டலம் சுமார் 30 கி.மீ. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இப்பாதையில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். ஏறி, மீண்டும் அதே வழியில் இறங்கினால் 60 கி.மீ. ஆகும். சராசரி, கிலோமீட்டருக்கு 20 மீட்டர். எனவே 2018-ஆம் ஆண்டு கேப் எபிக், உதகைக்கு ஏறி இறங்குவதை எட்டு நாள்களில் பதினோரு முறை செய்வதற்குச் சமம். அதுவும் தார்ச்சாலையில் அல்ல, கல்லிலும் மண்ணிலும்.

இரண்டாவது அளவு கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. ஜலோரி கணவாயில் கிடைப்பது கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 70 விழுக்காடு. தோரோங் லாவில் ஏறத்தாழப் பாதி. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் தொடக்க அறிகுறிகள். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்து. உடனே கீழே இறங்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலையேறுவோர் கடைப்பிடிக்கும் பொது விதி. கால் வலிமை இந்த விதிக்கு மாற்றாகாது.

மூன்றாவது, நிலமும் வானிலையும். இலங்கை மலைநாட்டில் உயரம் குறைவு. ஆனால் புழுக்கம் மிகுதி. வியர்வை உலராததால் உடல் சூடு தணிவதில்லை. இமயத்தில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் ஒரே நாளில் வரும்.

நான்காவது, பந்தய விதிகள். கேப் எபிக்கில் குழுவின் இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் செல்ல வேண்டும். ஒருவர் விலகினால் மற்றவர் எவ்வளவு விரைவாக ஓட்டினாலும் குழுவாக முடித்தவர் பட்டியலில் இடமில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் கால வரம்பும் உண்டு.

செலவைக் கணக்கிடுதல்

கட்டணத்தில் எவை அடங்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரிய பந்தயங்களில் கூடாரம், உணவு, வழியில் தண்ணீர், மருத்துவ உதவி ஆகியவை பெரும்பாலும் அடங்கும். பயணம், உதிரி பாகங்கள், காப்பீடு, பந்தயத்துக்கு முன்னும் பின்னும் தங்கும் செலவு ஆகியவை பொதுவாக அடங்கா.

அடுத்தது வண்டி. பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி பள்ளிக்குச் சென்றுவர ஏற்றது. மலைப் பந்தயத்துக்குப் பல கியர்கள், முன் சஸ்பென்ஷன், நல்ல டிஸ்க் பிரேக், அகலமான டயர் ஆகியவை தேவை. இத்தகைய வண்டி பல்லாயிரம் ரூபாய் ஆகும். உயர்தர வண்டிகள் பல லட்சம். பந்தய வாரத்தில் பிரேக் கட்டை, செயின், டயர் ஆகியவை விரைவில் தேய்வதால் மாற்றுப் பொருள்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

பயணச் செலவில்தான் பந்தயங்கள் பெரிதும் வேறுபடுகின்றன. கோவில்பட்டி, கயத்தாறு பகுதியினர் சிம்லாவுக்கு ரயிலிலேயே செல்லலாம். திருநெல்வேலி வழியாகச் செல்லும் திருக்குறள் விரைவு ரயிலில் டெல்லி சென்று, அங்கிருந்து கால்கா வழியாகப் போகலாம். வண்டியைப் பார்சலாக அனுப்பலாம். நேபாளம் செல்ல இந்தியருக்கு விசா தேவையில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு விசாவும் விமானப் பயணமும் தேவை. வண்டியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு செல்லத் தனிக் கட்டணமும் ஆகலாம். சாதாரணப் பயணக் காப்பீடு பல வேளைகளில் பந்தயத்தையும் மிகு உயரத்தையும் விலக்கிவிடும் என்பதால் நிபந்தனைகளைப் படித்தபின் வாங்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு: எட்டு நாள் பந்தயத்துக்குக் கட்டணம் ரூ.30,000, நான்கு நாள் பந்தயத்துக்கு ரூ.15,000. இரண்டுக்கும் பயணச் செலவு ரூ.20,000 என்று கொள்வோம். முதலாவதன் மொத்தம் ரூ.50,000, ஒரு நாளுக்கு ரூ.6,250. இரண்டாவதன் மொத்தம் ரூ.35,000; ஒரு நாளுக்கு ரூ.8,750. குறைந்த மொத்தம் எது, ஒரு நாளுக்குக் குறைந்த செலவு எது என்பவை வேறு வேறு கேள்விகள். கையில் ரூ.35,000 மட்டுமே உள்ளவருக்கு முதல் கேள்வியே முக்கியம். வேலைக்குச் செல்பவர் இழக்கும் சம்பளத்தையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

கரிசல் நிலத்தில் பயிற்சி

கயத்தாறு வட்டாரம் பெரும்பாலும் சமவெளி. எனினும் இங்கு பயிற்சிக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. இங்குள்ள காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்த்து ஓட்டுவது, ஏற்றத்தில் போலவே கால்களுக்கு இடைவிடாத வேலை தரும். நனைந்த கரிசல் மண் டயரில் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். சேற்றுப் பாதையில் வண்டியைக் கையாளும் பழக்கம் இதனால் கிடைக்கிறது. ஆனால் நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் திறனையும், உயரத்துக்கு உடல் பழகுவதையும் சமவெளியில் பெற முடியாது. அதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைகளில் சில வாரங்களாவது பழகுவதும், பந்தய இடத்துக்குச் சில நாள்கள் முன்னதாகவே செல்வதும் தேவை. அந்தக் கூடுதல் நாள்களின் செலவும் பந்தயச் செலவுதான்.

தேர்வு செய்யும் முன்

பந்தயத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஐந்து விவரங்களை வரிசையாக எழுதிப் பார்ப்பது நல்லது:

1. கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏற்றம்?
2. தடத்தின் மிக உயர்ந்த இடமும், இரவு தங்கும் இடங்களும் எவ்வளவு உயரத்தில் உள்ளன?
3. கால வரம்பும் குழு விதிகளும் யாவை?
4. கட்டணத்தில் அடங்காதவை எவை?
5. பாதியில் விலக நேர்ந்தால் திரும்பி வரும் செலவுக்குப் பணம் உள்ளதா?

ஐந்தாவது கேள்வியைப் பலர் எழுதுவதில்லை. உயர நோய் தொடங்கிய ஒருவர், கட்டிய பணம் வீணாகுமே என்று அஞ்சி மேலே ஏறுவதுதான் மலையில் நேரும் பெரிய ஆபத்து. திரும்புவதற்கான பணத்தைத் தனியே எடுத்துவைத்தவரால் அந்த நேரத்தில் தயங்காமல் வண்டியைத் திருப்ப முடியும்.