கரும்பு விளைந்த மண்ணில் இரண்டு நினைவு நாள்கள்

டெக்சாஸின் சுகர் லேண்டில் இன்று கரும்பு கண்ணில் படுவது பொங்கல் சமயத்தில்தான். அதுவும் வயலில் இல்லை. எங்கிருந்தோ லாரியில் வந்து, இந்திய மளிகைக் கடைகளில் மஞ்சள் கொத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். காரின் பின்னிருக்கையை மடக்கி அதை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு, கார் நின்ற தரையே ஒரு காலத்தில் கரும்பு வயலாக இருந்திருக்கும் என்பது ஓரளவு தெரியும். அந்தக் கரும்பை வெட்டியது யார் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

1820களில் டெக்சாஸ் மெக்சிகோவின் ஒரு பகுதி. மெக்சிகோவிடம் அனுமதி பெற்று ஸ்டீபன் ஆஸ்டின் இங்கே அமெரிக்கர்களைக் குடியேற்றினார். அவருடைய வலக்கரமாக இருந்த சாமுவேல் மே வில்லியம்ஸுக்கு 1828இல் ஆய்ஸ்டர் ஓடைக் கரையில் நிலம் கிடைத்தது. 1843இல் அந்தக் குடும்பம் இங்கே கரும்பைப் பிழிந்து சர்க்கரை காய்ச்சத் தொடங்கியது. வெட்டியதும் பிழிந்ததும் காய்ச்சியதும் அடிமைகளின் கைகள். அடிமைகளுக்கு விடுதலை என்று லிங்கன் அறிவித்தது 1863 ஜனவரி 1. அந்தச் செய்தி படைபலத்தோடு டெக்சாஸுக்கு வந்து சேர இரண்டரை ஆண்டுகள் ஆயின. 1865 ஜூன் 19 அன்று தளபதி கோர்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டனில் வெளியிட்ட மூன்றாம் எண் ஆணைதான், டெக்சாஸில் அப்போது அடிமைகளாக இருந்த ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரையும் விடுவித்தது. அந்தத் துறைமுகம் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான கார் பயணம்.

விடுதலை வந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்த நிலைமை மாறவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தபோது, குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய வேலை வாங்குவதை மட்டும் விலக்காக விட்டுவைத்தது. அந்த விலக்கின் வழியே பழைய வயல்களுக்குப் புதிய ஆள்கள் வந்தார்கள். வேலையின்றித் திரிந்தார்கள், சில்லறைப் பொருளைத் திருடினார்கள் என்று பிடிக்கப்பட்ட கறுப்பின ஆண்கள் அவர்களில் பெரும்பான்மை. 1878இல் எட்வர்ட் கன்னிங்ஹாமும் லிட்டில்பெரி எல்லிஸும் மாநிலத்தின் கைதிகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஒரு கைதிக்கு மாதம் 3 டாலர் 1 சென்ட் என்பது கணக்கு. பணம் மாநிலக் கருவூலத்துக்குப் போனது. வெட்டியவனுக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் சேற்றில் நின்று, காய்ச்சலோடு வெட்டிச் செத்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். பிராசோஸ் ஆற்றங்கரை நரகம் என்று கைதிகள் இந்த இடத்தைச் சொன்னார்கள்.

அதே காலத்தில், வேறொரு கண்டத்தின் கரையில் நம்மவர்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் பேரரசில் 1834இல் அடிமை முறை ஒழிந்ததும், தோட்ட முதலாளிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. அந்த ஆண்டே மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், கூடவே ரேஷன். 1911இல் இந்த முறை நிற்பதற்குள் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள், பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றல்ல. ஒப்பந்தத்துக்கு முடிவு தேதி உண்டு, கூலி உண்டு, பத்தாண்டு இருந்தால் ஊர் திரும்பக் கப்பல் சீட்டும் உண்டு. ஆனால் இருவரையும் வயலுக்கு அழைத்தது ஒரே சரக்கு. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுதது நமக்குத் தெரியும். அந்த அழுகைக்குரிய இடங்களின் வரிசையில் சுகர் லேண்டையும் சேர்க்க வேண்டும்.

இனி இன்றைய கணக்கு. 1960இல் இந்த ஊரின் மக்கள் தொகை 2,802. இம்பீரியல் சர்க்கரை ஆலையே ஊராக இருந்த காலம் அது. வீடும் கடையும் ஆலையுடையவை. 2020 கணக்கெடுப்பில் 1,11,026. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆசிய வம்சாவளியினர். கரும்புப் பயிர் வெகு காலத்துக்கு முன்பே நின்று, வெளிநாட்டுக் கச்சாச் சர்க்கரையை வாங்கிச் சுத்திகரித்துவந்த ஆலையும் 2003இல் மூடப்பட்டது. எட்டு மாடிச் செங்கல் கட்டடம் மட்டும் ரயில் பாதையோரம் நிற்கிறது. கைதிகளின் வயல்களை 1908இல் மாநிலம் தானே வாங்கிச் சிறைப் பண்ணையாக நடத்தியது. லெட் பெல்லி என்று உலகம் அறிந்த பாடகர் ஹடி லெட்பெட்டர் அங்கே அடைபட்டிருந்து 1925இல் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். அந்தப் பண்ணையின் சிறைக் கட்டடம் ஒன்று 2009 முதல் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் கிளை. சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகள் டைனோசர் எலும்பு பார்க்க உள்ளே ஓடும் கட்டடத்தில், ஒரு காலத்தில் கறுப்பினக் கைதிகள் இரவில் பூட்டி வைக்கப்பட்டார்கள். சுற்றிலும் ஏரிகளும் நடைபாதைகளுமாக டெல்ஃபேர் குடியிருப்பு.

வாக்குரிமையிலும் அதே அளவு மாற்றம். சுகர் லேண்ட் அடங்கிய ஃபோர்ட் பெண்ட் மாவட்டத்தில் 1889 முதல் ஜேபேர்ட் சங்கம் என்ற வெள்ளையர் அமைப்பு, தேர்தலுக்கு முன்பே தனியாக ஒரு தேர்தல் நடத்திவந்தது. அதில் வென்றவரே பிறகு ஏறத்தாழ எல்லாப் பதவிக்கும் வருவார்; கறுப்பினத்தவருக்கு அங்கே ஓட்டு இல்லை. டெர்ரி எதிர் ஆடம்ஸ் வழக்கில் 1953இல் உச்ச நீதிமன்றம்தான் அதை முடித்துவைத்தது. அதே மாவட்டத்தின் தலைமைப் பதவிக்கு 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கேரளத்தில் பிறந்தவர்.

நாம் இங்கே வந்த கதையும் இதற்குள்தான் இருக்கிறது. 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் குடியேறலாம். அந்தக் கதவைத் திறந்தது 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். முந்தைய ஆண்டில்தான் குடிமை உரிமைகள் சட்டம் வந்திருந்தது. பேருந்திலும் பள்ளியிலும் வாக்குச் சாவடியிலும் கறுப்பின மக்கள் அடிபட்டு நடத்திய போராட்டம் நாட்டின் மனசாட்சியைத் தொட்டிராவிட்டால், நாட்டுவாரியான அந்த ஒதுக்கீடு அவ்வளவு சீக்கிரம் உடைந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். நம் விசாவுக்குப் பின்னால் நம் மதிப்பெண்ணும் உழைப்பும் மட்டுமே இருப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்வது பாதிக் கதை.

மீதிக் கதை 2018 பிப்ரவரியில் மண்ணுக்கு மேலே வந்தது. தொழிற்கல்வி மையம் ஒன்றைக் கட்டத் தோண்டியபோது எலும்பு தட்டுப்பட்டது. தொல்லியலாளர்கள் தோண்டத் தோண்ட 95 கல்லறைகள். 1878க்கும் 1911க்கும் இடையில் புதைக்கப்பட்டவர்கள் என்று கணித்தார்கள். ஒருவர் தவிர எல்லாரும் ஆண்கள். வயது ஏறத்தாழ 14 முதல் 70 வரை. அங்கே கல்லறைகள் இருக்கும் என்று ரெஜினால்ட் மூர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். சிறைக் காவலராக வேலை பார்த்தவர், அருகிலுள்ள பழைய சிறைக் கல்லறைத் தோட்டத்தைப் பராமரித்தவர். அவர் சொன்னதைக் கேட்டவர்கள் குறைவு. 2019 நவம்பரில் 95 பேரும் அதே இடத்தில் மறுபடி அடக்கம் செய்யப்பட்டார்கள். மூர் 2020இல் காலமானார்.

பதினான்கு வயது என்பது இங்கே ஒன்பதாம் வகுப்பு. அந்த வயதில் நம் வீட்டுப் பிள்ளைகள் முதுகில் பையும் கையில் வயலினுமாக உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைகிறார்கள். மருத்துவமா கணினியா என்று வீட்டில் பேச்சு தொடங்கும் வயது. அந்த வயதில் ஒரு பையன் இதே மண்ணில் கரும்புக் கத்தியோடு நின்றிருக்கிறான்.

நேட்டாலுக்குப் போனவர்கள் நிறைய இழந்தார்கள். மூன்றாம் நான்காம் தலைமுறையில் வீட்டுப் பேச்சுத் தமிழ் போயிற்று. காவடியும் தீமிதியும் மாரியம்மனும் தங்கின. ஆனாலும் அவர்களைப் பற்றி ஒரு தாள் இருக்கிறது. கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர். ஆளைச் சரக்காக எண்ணிய ஏடுதான். ஆயினும் இன்று டர்பனில் ஒருவர் அதைப் புரட்டித் தன் கொள்ளுப்பாட்டன் வட ஆர்க்காட்டிலோ தஞ்சாவூரிலோ எந்த ஊரிலிருந்து கிளம்பினான் என்று கண்டுபிடிக்க முடிகிறது. சுகர் லேண்டின் 95 பேரைத் தோண்டியெடுத்தபோது, எந்த எலும்பு யாருடையது என்று சொல்ல அப்படியொரு ஏடு இருக்கவில்லை.

நாள்களை நினைவில் வைத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களே. 1872இலேயே ஹூஸ்டனின் கறுப்பின மக்கள், அடிமை வாழ்விலிருந்து மீண்டு ஏழாண்டே ஆன நிலையில், தங்களுக்குள் பணம் சேர்த்துப் பத்து ஏக்கர் வாங்கி, ஜூன் 19ஐக் கொண்டாடுவதற்கென்றே எமான்சிபேஷன் பூங்காவை உண்டாக்கினார்கள். மாநிலம் அதை விடுமுறையாக்கியது 1980இல், நாடு 2021இல். டர்பனில் நவம்பர் 16ஐ வம்சாவளியினர் நினைவு நாளாகக் கொள்கிறார்கள். 2010இல் 150ஆம் ஆண்டைக் கொண்டாடினார்கள். மொரீஷியஸில் நவம்பர் 2 அரசு விடுமுறை.

இங்கே நம் தமிழ்ப் பள்ளிகளின் நாட்காட்டியில் பொங்கல் இருக்கிறது, சித்திரை முதல் நாள் இருக்கிறது, ஆகஸ்ட் 15 இருக்கிறது. ஜூன் 19ஐயும் நவம்பர் 16ஐயும் அதில் சேருங்கள். அந்த நாள்களில் ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கி 95 பேரின் கதையையும் ட்ரூரோ கப்பலின் கதையையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லுங்கள்.