பழங்கிணற்றில் ஆள் இறக்குமுன்

மேல்மலையனூர்ப் பகுதி மிராசுதாரர்கள் கோடையில் பழங்கிணறுகளைத் தூரெடுக்க ஆள் இறக்குமுன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நெடுநாள் புழங்காத கிணற்றின் அடியில் தழைகள் மட்குவதால் பிராணவாயு குறைந்து, காற்றினும் கனத்த கரியமிலவாயு தேங்கி நிற்பதுண்டு. எண்ணெய் எஞ்சினை உள்ளே இறக்கி ஓட்டினால் நிறமும் மணமுமற்ற நச்சுவாயுவும் சேரும். விளக்கு அணையாது எரிவதைக் கொண்டு இந்நச்சுவாயு இல்லையெனக் கருதலாகாது.

முகத்தில் கட்டும் துணி பிராணவாயுவைத் தராது. மேலிருந்து குழாய் வழியே நற்காற்றுச் செலுத்தும் சுவாசக் கருவியே ஏற்றது. பயின்றவரே அதனை அணிதல் வேண்டும். அதன் விதிகளாவன:

1. காற்றிழுக்கும் வாய் எஞ்சின் புகை எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் யந்திரம் இதற்கு உதவாது.

2. குழாய் மடியாமலும் கல் விளிம்பில் உராயாமலும் பார்க்க.

3. முகமூடி இடைவெளியின்றிப் படியவேண்டும். தாடி இருப்பின் படியாது.

4. குழாய்க் காற்று நின்றால் வெளியேறுவதற்குச் சிறு காற்றுக்குடுவையும் இடுப்பில் இருக்கவேண்டும்.

5. இடுப்புக் கச்சையில் கட்டிய கயிற்றின் நுனியை மேலே நிற்பவர் பிடித்திருக்கவேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு ஆலைகளுக்கு விதித்ததும் இதுவே.

6. வேலை முடிந்தபின் முகமூடியைக் கழுவி நிழலில் உலர்த்துக. ரப்பரில் எண்ணெயும் வெயிலும் படலாகாது.

ஒருவர் மயங்கினால் பதைத்து உடனே இறங்குபவரும் மாள நேரும். கயிற்றால் மேலே இழுத்து, தீயணைப்புப் படையை 101-இல் அழைக்க. கருவி கிடைக்காவிடில் வேலையை ஒத்திவைப்பதே கடமை. கிராம அதிகாரிகளும் இதனை ஊராருக்கு முன்கூட்டியே எடுத்துரைப்பார்களாக. தூரை அடுத்த கோடையிலும் எடுக்கலாம். போன உயிர் மீளாது.