காவலே வழியாதல்: டெங்குக் காய்ச்சலும் எலி தந்த பிறபொருளெதிரியும்

மாரி மழை ஓய்ந்து தை மாதம் பிறக்குங்கால், மதிலோடு மதில் நெருங்கிய எம் கல்முனைக்குடி வளவுகளிலே, சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் தேங்கிய நீரில் நுளம்பு பெருகுதலும், காய்ச்சற்காரரை அழைத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைதலும் பல்லாண்டுகளாக யாம் காணுங் காட்சிகள். அங்கே மருத்துவர் வினவுவனவற்றுள் ஒன்று, “முன்னர் டெங்கு வந்ததுண்டா?” என்பது. “ஓம் டொக்டர், முந்தி வந்து சுகமாயிற்று, இனிப் பயமில்லைத்தானே” எனப் பெற்றோர் மனவமைதியுடன் விடையிறுத்தலைச் செவிப்பட்டுள்ளேன். சின்னமுத்து ஒருமுறை கண்ட பிள்ளையை அந்நோய் மீண்டும் அணுகாது என்பது எம் மூதாட்டியரும் அறிந்த உண்மை. அவ்வறிவை டெங்குவுக்கும் நீட்டியதே ஈண்டு நேர்ந்த பிழை. டெங்குவில் இரண்டாம் முறை வருவதே, எல்லார்க்கும் அன்றெனினும், கடுமையாதற்கு மிகுதியும் இடமுடையது.

இஃது ஏன் என்னும் வினாவுக்கு விடை தேடியோருள் பேராதனையிற் கற்ற எம் நாட்டு மருத்துவர் ஒருவரும் உளர். அவர்க்குக் கருவியாய் உதவியது எலியினின்று பெற்ற ஒரு பிறபொருளெதிரி. தமிழ் கற்பிப்போன் மருத்துவம் பேசுவதோ எனப் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். சொல்லிலிருந்தே தொடங்குகின்றேனாதலின் பொறுத்தருள்க.

பிற, பொருள், எதிரி என மூன்று சொற்கள் சேர்ந்தது பிறபொருளெதிரி. உடலுக்குப் பிறவாகிய பொருள் உட்புகுமிடத்து, அதற்கு எதிராய் உடல் ஆக்கிக்கொள்ளும் புரதம் என்பது பொருள். தமிழகத்தார் எதிர்ப்பொருள் என்பர். எம் பாடநூற் சொல்லே எனக்கு உவப்பு. இப்புரதம் கவண் தடிபோற் கவைத்த உருவினது. கவையின் இரு நுனிகளும் கிருமியைப் பற்றும். காம்பு வெளியே நீண்டு நிற்கும். கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் பெரிய கலங்கள் சில எம் உடலில் உள. அவற்றின் மேற்புறத்தில், அக்காம்பைப் பிடித்தற்கென்றே அமைந்தவை எஃப்சி வாங்கிகள். கிருமியைக் கவை பிடிக்க, கவையின் காம்பை வாங்கி பிடிக்க, கலம் அனைத்தையும் உள்ளிழுத்து விழுங்கிவிடும். பெரும்பாலான கிருமிகளின் கதை அத்துடன் முடியும்.

டெங்கு வைரசோ அவ்விழுங்கு கலத்தினுள்ளேயே பெருகும் இயல்பினது. தன்னை உண்ண வந்தவன் வயிற்றையே தொட்டிலாக்கிக்கொள்வது. ஆகவே பிறபொருளெதிரி வைரசை முற்றாக அடக்காமல் அரைகுறையாய்ப் பற்றியிருப்பின், அது பகைவனைக் கைப்பிடித்து வீட்டினுள் அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகிவிடும். வள்ளுவர் உட்பகைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இது அதனினும் வேறு. இங்குக் காவலன் வஞ்சகன் அல்லன், தன் கடமையையே செய்கின்றான்.

இவ்வாறு நிகழக்கூடும் என்னும் ஐயம் 1960 களிலேயே எழுந்தது. தாய்லாந்துப் பிள்ளைகளின் நோயை ஆராய்ந்த ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க மருத்துவர், கடுமையாய் நோயுற்றோருட் பலர் இரண்டாம் முறை தொற்றியோராய் இருத்தலைக் கண்டார். எனினும் ஐயம் வேறு, நிறுவுதல் வேறு. வாங்கியாகிய கதவை மட்டும் அடைத்துவிட்டு, வைரசின் பெருக்கம் குறைகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். கலத்தின் மேற்புறத்தில் எண்ணிறந்த புரதங்கள் உள; அவற்றுள் ஒன்றை மாத்திரம் அடைப்பது எங்ஙனம்?

விலங்கொன்றுக்குப் பிறபொருளை ஊசி மூலம் ஏற்றினால் அதன் குருதியில் தோன்றும் பிறபொருளெதிரிகள் பல்வகைக் கலவையாகும். எம் கடற்கரையில் இழுக்கும் கரைவலையில் சாளையும் கீரியும் நெத்தலியும் ஒருங்கே வருவது போல்வது அது. ஓர் இனத்தை மட்டும் தரும் வலையை 1975 இல் கேம்பிறிட்ஜில் ஜோர்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும் அமைத்தனர். மண்ணீரற் கலம் ஒவ்வொன்றும் ஒரேவகைப் பிறபொருளெதிரியையே ஆக்கும்; ஆயின் ஆய்வுகூடத்தில் விரைவில் இறந்துபடும். புற்றுநோய்க் கலமோ இறவாது பெருகும். இரண்டையும் ஒன்றாய் இணைத்து, இணையாத புற்றுக் கலங்கள் வாழமாட்டாத ஊடகத்தில் வளர்த்தால், எஞ்சுவது கலப்புக் கலம். ஒன்றின் திறமும் மற்றதன் ஆயுளும் அதற்கு உண்டு. அத்தகைய ஒரு கலத்தின் வழித்தோன்றல்கள் அனைத்தும் அச்சொட்டாக ஒரே பிறபொருளெதிரியைத் தரும். மொனோகுளோனல் என்பது இவ்வொருவழிப் பிறப்பையே குறிக்கும். இருவரும் 1984 இல், நீல்ஸ் யேர்ணே என்பாருடன் நோபல் பரிசு பெற்றனர்.

இம்முறையைக் கைக்கொண்டு, நியூயோர்க் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே அன்கெலெஸ், சுண்டெலியின் விழுங்கு கலங்களைப் பெரிய எலிக்கு ஏற்றி, சுண்டெலியின் எஃப்சி வாங்கியைப் பற்றும் பிறபொருளெதிரி ஒன்றைப் பெற்று 1979 இல் வெளியிட்டார். அதற்கு அமைந்த பெயர் 2.4ஜி2. பெயரிற் கவிதை ஏதும் இல்லை, செயலோ நுட்பமானது. தன் கவை நுனிகளாலேயே வாங்கியைப் பற்றி, வேறொரு காம்பு அங்கே நுழையாதபடி அடைத்துவிடும்.

அதே 1979 இல் ஒக்ஸ்போர்டில், பேராதனை மருத்துவ பீடத்திற் பயின்று சென்ற மலிக் பீரிஸ், தம் ஆசிரியர் போட்டர்பீல்டுடன் ஓர் உண்மையை வெளியிட்டிருந்தார். டெங்குவின் குடும்பத்ததாகிய மேற்கு நைல் வைரசைச் சுண்டெலியின் விழுங்கு கல வகையொன்றில் இட்டு, உடன் சிறிதளவு பிறபொருளெதிரியும் சேர்த்தால், வைரசு குறைவதற்கு மாறாகப் பெருகிற்று. அடுத்து, அன்கெலெசும் உடன்சேர, அக்கலங்களுக்கு 2.4ஜி2 ஐ இட்டுப் பார்த்தனர். மிகைப்பெருக்கம் தடைப்பட்டது. 2.4ஜி2 வைரசைத் தீண்டுவதன்று. கதவை மட்டுமே அடைப்பது. ஆகவே வைரசு கூடுதலாய் நுழைந்த வழி அக்கதவே எனத் தெளிவாயிற்று. அக்கட்டுரை 1981 இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. பின்னர் பீரிஸ் பேராதனைக்கு மீண்டு பணியாற்றினார். 2003 இல் ஹொங்கொங்கில் சார்ஸ் நோயின் வைரசைக் கண்டறிந்தோருள் ஒருவராய் உலகறியப்பட்டார். 2.4ஜி2 உம் ஓய்ந்துவிடவில்லை. சுண்டெலிக் கலங்களை நிறமூட்டிய பிறபொருளெதிரிகளால் ஆராய்வோர், அவை காம்பினால் வீணே ஒட்டிக்கொண்டு பொய்க்காட்சி தராதிருக்க, முதலில் 2.4ஜி2 ஐ இட்டு வாங்கிகளை அடைத்துக்கொள்வது இன்றும் வழக்கம்.

டெங்குவில் நான்கு வகைகள் உள. ஒரு வகை கண்டவரை அவ்வகை மீண்டும் வருத்தாது. ஏனை மூன்றுக்கும் அவர் பெறும் காப்போ சில காலத்தில் தேய்ந்து அரைகுறையாகிவிடும். எம் நாட்டில் 2009 முதற் பல ஆண்டுகள் முதலாம் வகை மேலோங்கியிருந்தது. 2017 இல் இரண்டாம் வகை மேலெழுந்தபோது 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் நோயுற்றனர். நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு மழையும் குப்பையும் நுளம்பும் காரணமாதல் உண்மை; வகை மாறியதையும் உடன் எண்ணல் வேண்டும். நிக்கராகுவா நாட்டுச் சிறுவரை ஆராய்ந்து அதே ஆண்டில் வெளியான முடிபும் இதற்கு ஒத்தது. பிறபொருளெதிரி மிக்கிருந்தோர் காக்கப்பட்டனர். இடைநிலையான ஓர் அளவில் உடையோரே கடும் நோய்க்கு மிகுதியும் ஆளாயினர்.

தடுப்பூசி ஆக்குவோர்க்கு இதனால் நேர்ந்த இடர் பெரிது. 2016 இல் பிலிப்பைன்சில் பள்ளிப் பிள்ளைகட்கு இடத்தொடங்கிய டெங்குத் தடுப்பூசி, 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு இட்ட பின்னர் 2017 இன் இறுதியில் நிறுத்தப்பட்டது. முன்னர் டெங்கு காணாத பிள்ளைக்கு அவ்வூசியே முதற்றொற்றுப் போலாகி, பின்வரும் தொற்றைக் கடுமையாக்கக்கூடும் எனத் தெரியவந்தமையே காரணம். அதன்பின் அவ்வூசி, முன்பு டெங்கு கண்டமை உறுதியானோர்க்கே உரியதாயிற்று. மருத்துவர் வினவும் அவ்வொரு வினா ஊசியையும் தீர்மானிப்பதாயிற்று.

கைக்குழந்தைகளின் நிலை இன்னும் வேறு. டெங்கு கண்ட தாயின் பிறபொருளெதிரிகள் கருவிலேயே குழந்தைக்குச் சென்று சேரும். முதல் மாதங்களில் அவை காவல். மாதங்கள் செல்லச்செல்ல அவை தேய்ந்து, குழந்தை தவழத் தொடங்கும் பருவத்தை ஒட்டி அரைகுறை அளவுக்கு வரும். அப்போது தொற்றும் டெங்கு குழந்தைக்கு முதன்முறையே ஆயினும், உடலுக்கு அஃது இரண்டாம் முறை போன்றது. அங்கே, “முன்னர் டெங்கு வந்ததுண்டா?” என்னும் வினா தாயை நோக்கியதாகின்றது.